யாரை ஏமாற்றினோம்?

விளையாட்டை விளையாட்டாகவே கொள்ள வேண்டும் என்பது உலக வழக்கு. ஆயினும், சிறுவர் விளையாட்டில் முளைக்கும் ஒரு வினா பெரியோர் வாழ்க்கைக்கும் உரிய வினாவாக அமைந்துவிடுவதுண்டு. கடந்த கோடை விடுமுறையில் நம் இல்லத்தில் அத்தகைய வினா ஒன்று எழுந்தது. எழுப்பியவன் 12 வயதுப் பேரன். 37 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு, அவ்வினாவிற்கு உடனே விடையிறுக்க இயலவில்லை. சில வாரங்கள் சிந்தித்த பின் தோன்றியவற்றை இங்கே வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நடந்தது இதுதான். பேரனும் அவன் தங்கையாகிய 9 வயதுப் பேத்தியும் கணிப்பொறியில் பழைய வீடியோ விளையாட்டொன்றை ஆடி வந்தனர். ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்பது அதன் பெயர். மீசை வைத்த சிறிய மனிதன் ஒருவன் பள்ளங்களைத் தாண்டி, ஆமைகளை மிதித்து, எட்டு உலகங்களைக் கடந்து சென்று இளவரசியை மீட்க வேண்டும். ஓர் உலகத்திற்கு நான்கு கட்டங்கள் வீதம் மொத்தம் 32 கட்டங்கள். தொடக்கத்தில் தரப்படுவன 3 உயிர்கள்.

பேத்தி மூன்று வாரம் முயன்றும் மூன்றாம் உலகத்தைத் தாண்டவில்லை. பேரனோ ஒரு நாள் மாலை, "நான் முடித்துவிட்டேன்" என்று அறிவித்தான். சிறுமி அண்ணனை வியப்புடன் பார்த்தாள். பின்னர்த் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத்தான் வரவில்லை" என்றாள். இரண்டு நாட்களுக்குப் பின் உண்மை வெளிப்பட்டது. கணிப்பொறியின் நினைவகத்தைத் திறந்து, உயிர்களின் எண்ணிக்கை குறையாதவாறு அவன் பூட்டி வைத்திருந்தான். சிறுமி அழுதாள், தாய் மகனைக் கடிந்துகொண்டாள். அவன் நம்மிடம் வந்து கேட்டான்: "பாட்டி, அந்த ஆட்டத்தில் எனக்கு எதிரில் யாருமே இல்லையே. நான் யாரை ஏமாற்றினேன்?"

கேள்வி நேர்மையான கேள்வியே. ஏமாற்றுதல் என்றால் ஏமாற்றப்பட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும் அன்றோ? அவரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிகளின் அடுக்கு

முதலில் அவன் செய்த செயல் யாதெனக் காண்போம். அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புரைத்தல் தகாது என்பதால், அவனையே ஆசானாகக் கொண்டு நாமும் கற்றோம்.

இவ்விளையாட்டு முதலில் கணிப்பொறிக்காகச் செய்யப்பட்டதன்று. 1983 இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் தனிக்கருவியில், கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டியைச் செருகி ஆடுமாறு அமைந்தது. அக்கருவியைப் போலவே நடந்துகொள்ளுமாறு இன்றைய கணிப்பொறிக்கு எழுதப்பட்ட நிரலே எமுலேட்டர் எனப்படுகிறது. நாடகத்தில் ஒருவர் மற்றொருவராக வேடமிடுவது போன்றது அது. பழைய கருவி இரும்புப் பெட்டகம் போல் மூடிக்கிடந்தது. எமுலேட்டரோ கண்ணாடிப் பெட்டகம். உள்ளே நடப்பதைக் காணலாம். கையை விட்டு மாற்றவும் செய்யலாம். ஆட்டத்தின் நகலை எவ்வழியில் பெறுவது என்பது வேறொரு வினா. அதனை முறையான வழியில் பெற வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இங்கு நாம் ஆராய்வது மாற்றத்தைப் பற்றி மட்டுமே.

அப்பழைய கருவியின் நினைவகம் 2048 பைட் அளவினது. அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைகளைப் போல 2048 சிறு பெட்டிகள் என்று கொள்க. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். வீரன் நிற்கும் இடம், அவன் வேகம், மீதி நேரம், எஞ்சிய உயிர்கள் ஆகிய யாவும் அப்பெட்டிகளில் எண்களாகவே உறைகின்றன. எந்தப் பெட்டியில் எது உள்ளது என்று வெளியே எழுதி வைக்கப்படவில்லை. அதனைக் கண்டறியும் முறை நமக்கு மிகவும் பிடித்திருந்தது. குறிப்பிட்ட எண் உள்ள பெட்டிகளை எல்லாம் முதலில் தேடுகின்றனர். சில நூறு கிடைக்கலாம். பின்பு வேண்டுமென்றே ஓர் உயிரை இழக்கின்றனர். முன்பு கண்ட பெட்டிகளில் எவற்றின் எண் ஒன்று குறைந்தது என்று மீண்டும் தேடுகின்றனர். இவ்வாறு இரண்டு மூன்று முறை வடிகட்டினால் ஒரே பெட்டி எஞ்சும். இவ்விளையாட்டில் உயிர்களின் எண்ணிக்கை உறைவது 1882 என்னும் முகவரியில். மூன்று உயிர்கள் உள்ளபோது அங்கே 2 என்றே எழுதப்பட்டிருக்கும். ஆடிக்கொண்டிருக்கும் உயிர் கணக்கில் சேராது.

அந்த எண்ணை மாற்றலாம். மாறாதபடி பூட்டியும் வைக்கலாம். உயிர் மட்டுமன்று. வேகத்தைக் காட்டும் எண்ணை மாற்றினால் ஓட்டம் மாறும். எழும்பும் விசையை மாற்றினால் பள்ளங்கள் பள்ளங்களாக இரா. அவ்வுலகத்தின் இயற்கை விதியே மாறிவிடுகிறது. பேரன் இவற்றைச் செய்து காட்டியபொழுது, உண்மையைச் சொன்னால், நமக்குச் சினம் வரவில்லை, மகிழ்ச்சியே வந்தது. ஊகித்து, சோதித்து, விலக்கி, முடிவு காணும் அறிவியல் முறையை எந்த ஆசிரியரும் கற்பியாமல் இச்சிறுவன் கற்றிருந்தான்.

உரிமையாளர் ஏமாற்றப்பட்டாரா?

விளையாட்டைச் செய்தவரையோ அதன் உரிமையாளரையோ அவன் ஏமாற்றினான் என்று கூறலாமா? இவ்வினாவை நீதிமன்றங்களே ஆராய்ந்துள்ளன.

இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 'கேம் ஜீனி' என்னும் கருவியை உருவாக்கியது. அதனைக் கார்ட்ரிட்ஜுக்கும் நிண்டெண்டோ கருவிக்கும் இடையே பொருத்தி, எழுத்துகளாலான குறியீட்டைத் தந்தால், கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் ஓர் எண்ணிற்கு மாற்றாக வேறோர் எண்ணை அது கொடுக்கும். கார்ட்ரிட்ஜ் மாறுவதில்லை, மின்சாரத்தை நிறுத்தினால் யாவும் பழைய நிலையை அடையும். அமெரிக்காவில் இதனை விற்க முற்பட்ட கலூப் நிறுவனத்திற்கும் நிண்டெண்டோவிற்கும் 1990 இல் வழக்கு எழுந்தது. 1991 இல் கலிபோர்னியாவின் வடக்கு மாவட்ட நீதிமன்றமும், 1992 இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் கலூப் பக்கமே தீர்ப்பளித்தன. நிலையான புதுப் படைப்பு எதனையும் அக்கருவி உண்டாக்கவில்லை என்பதும், வாங்கியவர் தம் இல்லத்தில் தம் மகிழ்ச்சிக்காகச் செய்யும் மாற்றம் நியாயமான பயன்பாடே என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பாவிலும் இத்தகைய வழக்கு நடந்தது. சோனி நிறுவனத்தின் கையடக்கக் கருவியில், ஆட்டம் நடக்கும்போதே நினைவகத்து எண்களை மாற்றும் மென்பொருளை டேட்டல் நிறுவனம் விற்றது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 17 அன்று, நிரலின் வரிகளைத் தொடாமல், ஓடும்போது நினைவகத்தில் தோன்றும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது, கணிப்பொறி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பின் எல்லைக்குள் வாராது என்று கூறியது.

சட்டம் விலக்காத யாவும் அறமாகிவிடா என்பதை நாம் அறிவோம். ஆயினும் இங்குச் சட்டமும் பொது அறிவும் ஒன்றையே கூறுகின்றன. விலை கொடுத்து வாங்கிய நூலில் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர் நூலாசிரியரைத் திருடியவர் ஆகார்.

படைத்தவரின் விதி மாற்றவொண்ணாததா?

உரிமை வேறு, மரியாதை வேறு. படைத்தவர் நன்கு எண்ணி அமைத்த விதியை மாற்றுவது அவர் உழைப்பை அவமதிப்பதாகாதா என வினவலாம். இதற்கும் வரலாறு விடை தருகிறது.

1984 இல் இங்கிலாந்தில் மேத்யூ ஸ்மித் என்பார் இயற்றிய 'ஜெட் செட் வில்லி' என்னும் விளையாட்டு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணிப்பொறிக்காக வெளிவந்தது. அதில் பரண் போன்ற ஓர் அறை உண்டு. அங்கே சென்று வந்தால், நிரலில் இருந்த பிழையினால் வேறு சில அறைகள் கெட்டு, வீரன் நுழைந்தவுடன் மாள்வான். ஆட்டத்தை முடிக்கவே இயலாது. வெளியீட்டு நிறுவனம் முதலில் அவ்வறைகளில் நச்சுக் காற்று உள்ளது என்றும், கடினமாக்கவே அவ்வாறு அமைத்தோம் என்றும் கூறியது. பின்னர் அக்கூற்றைக் கைவிட்டது. பிழையைத் திருத்தும் 'போக்' கட்டளைகள் வெளிவந்தன. 'போக்' என்பது நினைவகத்தின் குறிப்பிட்ட பெட்டியில் நாம் விரும்பும் எண்ணை எழுதும் கட்டளை. அக்காலத்து இதழ்கள் பலவற்றில் இத்தகைய கட்டளைகள் அச்சிடப்பட்டன. ஆகவே, நினைவகத்தை மாற்றுவது அங்கே விளையாட்டைக் கெடுக்கவில்லை, கெட்டதைச் செப்பனிட்டது. அந்நிகழ்ச்சியில் வாய்மை தவறியது பெட்டியை மாற்றியவர் அல்லர். பிழையைச் சிறப்பென்று கூறியவரே.

1980 இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்-மேன்' மற்றோர் எடுத்துக்காட்டு. கட்டங்களை எண்ணும் பெட்டி 255 க்கு மேல் எண்ண இயலாமையால், 256 ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் குறியுமாகச் சிதைந்துவிடும். எவரும் அதனைக் கடந்து இயல்பாகச் செல்ல முடியாது. அது படைத்தவர் வகுத்த விதியன்று. எண்ணாமல் விட்ட விளிம்பு.

மேலும், கடையில் காசு போட்டு ஆடும் ஆட்டங்கள் விரைவில் முடிந்து மீண்டும் காசு கேட்கும்படி அமைக்கப்பட்டன. அவ்வகைக் கடுமையில் கலையும் உண்டு, வணிகமும் உண்டு. வீட்டில் அதே ஆட்டத்தை ஆடுபவர் அக்கடுமையைத் தளர்த்தினால் பெரும் குற்றம் நேர்ந்துவிடாது.

ஆனால் விதிகளில் பொருள் பொதிந்தவையும் உண்டு. நம் பரமபத சோபானப் படத்தையே எடுத்துக்கொள்வோம். சமணர்களிடையே ஞான பாஜி என வழங்கிய பழம்படங்களும் இவ்வகையினவே. பழைய படங்களில் பாம்புகள் மிகுதி, ஏணிகள் குறைவு. வீழ்தல் எளிது, உயர்தல் அரிது என்பதே அவ்வமைப்பின் பாடம். இவ்விளையாட்டு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றபொழுது, பாம்பும் ஏணியும் சம எண்ணிக்கையாக ஆக்கப்பட்டன. ஆட்டம் இனிதாயிற்று, பாடம் வேறாயிற்று. விதியை மாற்றுவோர் பொருளையும் மாற்றுகின்றனர் என்று அறிந்து மாற்ற வேண்டும். மாற்றவே கூடாது என்பது நம் கருத்தன்று. மாற்றியதற்குப் பழைய பெயரை அப்படியே சூட்டுவதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

ஆடுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானா?

கனடாவில் வாழ்ந்த மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978 இல் விளையாட்டைப் பற்றியே ஒரு நூல் இயற்றினார். பந்தைக் குழியில் இடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்து இடலாமே; கோல் கொண்டு தொலைவிலிருந்து அடிப்பது ஏன்? கடினமான வழியைத் தாமே தேர்ந்துகொள்வதால்தான் அது விளையாட்டாகிறது என்பது அவர் விளக்கம். அவ்வாறாயின், விதியை விட்டவர் அவ்விளையாட்டை ஆடவேயில்லை. ஆடாதவர் வென்றதாகச் சொல்லவும் இயலாது.

இது வன்மையான வாதமே. பேரனிடம் இதனைக் கூறியபொழுது அவன் வேறொரு செய்தியைச் சொன்னான். இவ்விளையாட்டில் ஆமை ஓட்டின் மேல் படிக்கட்டருகே இடைவிடாது குதித்து, நினைவகத்தைத் தொடாமலே உயிர்களைப் பெருக்கிக்கொள்ளும் வழி உண்டாம். ஏறத்தாழ 128 என்னும் எல்லையைத் தாண்டிப் பெருகினால், அப்பெட்டியிலுள்ள எண்ணை நிரல் எதிர்மறை எண்ணாகக் கொண்டுவிடுமாம். அதன்பின் ஒரு முறை வீழ்ந்தால் ஆட்டமே முடிந்துவிடும். அளவிறந்த உயிர் சேர்த்தவனுக்கு ஓர் உயிரும் இல்லை! வகுப்பறையில் பேராசைக்கு எடுத்துக்காட்டுத் தேடிய நாட்களில் இது நமக்குக் கிடைக்காமற் போயிற்றே என்று எண்ணிக்கொண்டோம்.

எனினும் சூட்ஸின் வாதத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது நம் சொந்த அனுபவத்திலேயே விளங்கிற்று. நமக்கும் ஆடிப் பார்க்க ஆசை தோன்றியது. எழுபது கடந்த விரல்களுக்கு அவ்விரைவு கைகூடவில்லை. முதற் கட்டத்தில் தரப்படும் 400 எண்ணிக்கை நேரம் தீர்ந்து, பாதி வழியிலேயே வீழ்ந்தோம். பேரன் நேரத்தின் மூன்று இலக்கங்கள் உறையும் மூன்று பெட்டிகளையும் பூட்டினான். காலம் நின்றது. நாம் மெல்ல நடந்து சென்று கொடிக்கம்பத்தைத் தொட்டோம். பேத்தி கைதட்டினாள். அங்கே யாரும் ஏமாறவில்லை; பாட்டிக்காகக் கடிகாரம் நிறுத்தப்பட்டது என்பதை மூவரும் அறிவோம். பள்ளங்கள் பள்ளங்களாகவே இருந்தன. நம் முயற்சியும் மெய்யாகவே இருந்தது. இன்றைய படைப்பாளர் சிலர் தாமே இதற்கு வழி செய்கின்றனர். 2018 இல் வெளிவந்த 'செலஸ்ட்' என்னும் கடினமான விளையாட்டில், வேகத்தைக் குறைக்கவும் வீழாதிருக்கவும் ஆடுபவரே தேர்ந்துகொள்ளும் உதவி முறை வைக்கப்பட்டுள்ளது. இயலாதவருக்கு வாயிலைத் திறப்பது கருணையே.

ஆகவே, பெட்டியை மாற்றுவது தன்னளவில் ஏமாற்று அன்று எனத் தெளிந்தோம். அப்படியானால் பேத்தி அழுதது எதற்கு?

சொல்லில் நேர்ந்த பிழை

2003 ஆம் ஆண்டில், மொரிமோட்டோ என்னும் பெயரில் ஜப்பானியர் ஒருவர் ஒரு படக்காட்சியை வெளியிட்டார். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' என்னும் விளையாட்டு ஏறத்தாழ 11 நிமிடங்களில் முடிக்கப்படுவதை அது காட்டியது. கண்டோர் இவரினும் வல்லார் இலர் என வியந்தனர். உண்மையில், எமுலேட்டரின் உதவியால் ஆட்டத்தை மெதுவாக்கி, தவறு நேரும்போதெல்லாம் பின்சென்று திருத்தி, பொறுமையுடன் இயற்றப்பட்டது அக்காட்சி. இயற்றிய முறையை அவர் மறைக்கவில்லை. தம் பக்கத்தில் விளக்கியிருந்தார். ஆனால் காட்சி கைமாறிக் கைமாறிச் சென்றபொழுது அவ்விளக்கம் உடன் செல்லவில்லை. உண்மை அறிந்தபோது பலர் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சினந்தனர். நாளடைவில் அம்முறையே தனிக்கலையாக வளர்ந்தது. 2014 ஜனவரியில், புற்றுநோய்த் தடுப்பு அறப்பணிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியொன்றில், முன்கூட்டிப் பதிந்த பொத்தான் அழுத்தங்களை மட்டுமே கொண்டு 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' ஆட்டத்தின் நினைவகத்தில் புதிய நிரலையே எழுதி, வேறு விளையாட்டுகளை ஓட வைத்துக் காட்டினர். எவரும் சினக்கவில்லை, அரங்கம் ஆரவாரித்தது. செய்யப்படுவது யாது என முன்னரே அறிந்திருந்தனர் ஆதலால்.

செயல் ஏறத்தாழ ஒன்றே. ஓரிடத்தில் சினம், ஓரிடத்தில் மகிழ்ச்சி. வேறுபாடு அறிவித்தலில் உள்ளது. பேரனின் பிழையும் 1882 ஆம் முகவரியில் நேர்ந்ததன்று; "முடித்துவிட்டேன்" என்ற சொல்லில் நேர்ந்தது. அச்சொல்லை அளவுகோலாகக் கொண்டு ஒரு சிறுமி தன்னை அளந்தாள். தான் குறைந்தவள் என்று முடிவு கட்டினாள். ஆட்டத்தில் எதிரில் யாரும் இல்லை என்பது மெய். ஆனால் ஆட்டத்திற்கு வெளியே, பக்கத்து நாற்காலியில் ஒருத்தி இருந்தாள்.

நாம் மாற்றிய எண்

இவ்வளவில் கட்டுரையை முடித்துப் பேரனுக்கு அறிவுரை கூறியிருக்கலாம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் ஒரு பெட்டியில் ஓர் எண்ணை மாற்றியதுண்டு.

ஆண்டு 1986. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்று 15 ஆண்டுகள் கடந்திருந்தன. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, ஏழைக் குடும்பம், அமைதியானவள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் பெற்றது 28. தேர்ச்சிக்கு 35 வேண்டும். தவறினால் பள்ளியை நிறுத்திவிடுவேன் என்று அவள் தந்தை கூறியதை அறிந்திருந்தோம். மதிப்பெண் பதிவேட்டில் 35 என்று எழுதினோம். எவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. நன்மை செய்தோம் என்று மகிழ்ந்தும் இருந்தோம்.

கணக்கில் தேறிவிட்டோம் என்று நம்பிய அப்பிள்ளை, கடினம் என்று அஞ்சிய ஆங்கிலத்திற்கே தன் மாலைப் பொழுதுகளை எல்லாம் செலவிட்டாள். ஆண்டுத் தேர்வுத் தாள் வேறு பள்ளியில் திருத்தப்பட்டது. கணக்கில் அவள் பெற்றது 24. பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. கடைசி நாளில் அவள் நம்மிடம் வந்து, "அரையாண்டில் தேறினேனே டீச்சர், இப்போது எப்படிப் போயிற்று?" என்று கேட்டாள். நாம் விடை கூறவில்லை. இன்று அவள் ஐம்பது கடந்திருப்பாள். எங்கே இருக்கிறாள் என அறியோம்.

பேரனின் செயலோடு நம் செயலை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவன் மாற்றியது தன் ஆட்டத்தின் எண்ணை. நாம் மாற்றியது மற்றொருவர் வாழ்வின் எண்ணை. அவன் சொல்லை நம்பியவள் இரண்டு நாட்களில் உண்மை அறிந்தாள். நம் எண்ணை நம்பியவள் ஒருபோதும் அறியவில்லை. கருணை வேண்டா என்பதன்று இதன் பொருள். "நீ பெற்றது 28; உன் தந்தைக்காக 35 என எழுதியிருக்கின்றேன்; ஆண்டுத் தேர்வுக்குள் இந்த ஏழு மதிப்பெண்ணையும் நாம் இருவரும் சேர்ந்து ஈடு செய்வோம்" என்று அவளிடமேனும் கூறியிருந்தால், மாலையில் அரை மணி நேரம் உடன் அமர்ந்திருந்தால், குற்றம் ஓரளவேனும் குறைந்து, அப்பிள்ளை பிழைத்திருக்கலாம். பதிவேட்டைத் தொடாமலே தந்தையிடம் நேரில் சென்று பேசியிருந்தால் இன்னும் நன்று. எண்ணை மாற்றுவது எளிதாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. எளிதானதைச் செய்தோம்.

மூன்று வினாக்கள்

மறுநாள் பேரனை அழைத்து இக்கதையை முழுவதும் கூறினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் இருவரும் சேர்ந்து மூன்று வினாக்களை வகுத்தோம். எந்தப் பெட்டியில் கை வைப்பதாயினும் இவற்றைக் கேட்டுக்கொள்வது நன்று.

முதலாவது, மாற்றப்படும் எண் யாருடையது? இரண்டாவது, அவ்வெண்ணை நம்பி நடப்பவர் எவரேனும் உளரா? மூன்றாவது, மாற்றியதை அவருக்குச் சொன்னோமா?

எண் நம்முடையதாகவும், நம்புவோர் எவரும் இல்லாமலும் இருப்பின், தாராளமாக மாற்றலாம். அது ஆராய்ச்சி, அல்லது ஓய்வு. நம்புவோர் இருப்பின் சொல்லியாக வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திராமல் சொல்ல வேண்டும். பலர் ஒருங்கே ஆடும் ஆட்டத்தில் எண் நம் ஒருவருடையது அன்று. அங்கே மற்றவர் இசைவின்றி மாற்றுதல் திருட்டுக்கு நிகர். வரவு செலவுக் கணக்கு, எடைக்கல், மருத்துவச் சான்று, மதிப்பெண் பதிவேடு ஆகியவை எல்லாம் இவ்வகையினவே.

இரண்டாம் வினாவில் ஒரு நுட்பம் உண்டு. அதனைக் கண்டறிந்தவன் பேரனே. "யாரிடமும் சொல்லாமல், நானே முடித்தேன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டால், பாட்டி?" என்றான். அப்பொழுது நம்பி நடப்பவன் நீயே என்றோம். நாளை உன் வலிமையை அளக்கும்போது அப்பொய்யெண்ணையே நீ எடுத்துக்கொள்வாய். தனக்குச் சொல்லாமல் விடுதலும் சொல்லாமையே.

இப்போது கணிப்பொறியின் அருகில் ஒரு கோடிட்ட குறிப்பேடு இருக்கிறது. இடப்பக்கத்தில் 'உள்ளபடி' என்றும், வலப்பக்கத்தில் 'மாற்றியபடி' என்றும் தலைப்பிட்டிருக்கின்றனர். வலப்பக்கத்தில் எந்த எண் எவ்வளவாக மாற்றப்பட்டது என்பதும் எழுதப்படுகிறது. விதிகளைப் புதிதாக அமைப்பதில் அண்ணனும் தங்கையும் போட்டியிடுகின்றனர். வீரன் தன் உயரத்திற்கு மூன்று மடங்கு எழும்பும் ஓர் ஆட்டத்தைப் பேத்தி அமைத்திருக்கிறாள். அதில் மேகங்களின் மேல் ஏறிச் சென்றுவிடுகிறான், ஆனால் தாழ்ந்த கூரையுள்ள இடங்களில் தலை இடித்து வீழ்கிறான். இடப்பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே நான்காம் உலகம், இரண்டாம் கட்டம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன் பெயருக்கு எதிரே ஐந்தாம் உலகம். வலப்பக்கத்தில் பாட்டியின் பெயரும் உண்டு: முதற் கட்டம், நேரம் நிறுத்தப்பட்டது.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் எத்தனையோ எண்களை எழுதுகிறோம். சிலவற்றை இரக்கத்தினால் மாற்றுகிறோம். சிலவற்றை அச்சத்தினால் மாற்றுகிறோம். அவற்றுள் யாரேனும் ஒருவர் நம்பி நடக்கும் எண் இருக்குமாயின், அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்பொழுதே சொல்லிவிடுவோமாக. பின்னர்ச் சொல்ல விரும்பினாலும் அவரைக் காண இயலாது போகலாம்.